ஜூரோங்கில் பொன்னியின் செல்வன்



தோட்டத்துப் பெற்றோர்களுக்கான இன்றைய உரையில் நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு திரைப்படம். கல்வி உரையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகளில் பலர் சோழ மன்னர்களின் பெயர்களை முதன்முதலாகக் கேட்டது பாடப் புத்தகத்திலிருந்து அன்று; திரையிலிருந்துதான். ஆகவே, அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எதற்குக் கைதட்டினார்கள், எதற்குச் சலித்துக்கொண்டார்கள், வெளியே வந்து என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் ஆசிரியர்கள் கவனித்துத்தான் ஆகவேண்டும். பெற்றோர்களும் கவனிக்க வேண்டும்.

படத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும்: ‘பொன்னியின் செல்வன்’. கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தமது ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் அது. ஐந்து பாகங்கள், புத்தகமாக இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். அதைப் படமாக்க எம்.ஜி.ஆர். அவர்கள் 1958-இலேயே உரிமை வாங்கினார், கைகூடவில்லை. கமல்ஹாசனும் பின்னர் முயன்றார். இயக்குநர் மணிரத்னமும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொடங்கிக் கைவிட்டு, இறுதியில் 2019-இல் படப்பிடிப்பை ஆரம்பித்தார். முதற் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் தேதியும் வெளிவந்தன. எழுதி முடித்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்த கதை. இதற்குள் மூன்று தலைமுறை வாசகர்கள் தத்தம் மனத்தில் தனித்தனியே ஒரு படம் எடுத்து வைத்துவிட்டார்கள். வந்தியத்தேவன் இப்படித்தான் சிரிப்பான், குந்தவை இப்படித்தான் நடப்பாள் என்று அவரவருக்கு ஒரு தீர்மானம் உண்டு. தொடர் வந்த நாளில் ஓவியர் மணியம் வரைந்த சித்திரங்கள் வேறு மனத்தில் பதிந்துபோயிருந்தன. இத்தனை படங்களோடும் போட்டி போட்டுத்தான் மணிரத்னத்தின் படம் ஓடவேண்டியிருந்தது.

இந்தப் படத்தை நான் பார்த்தது ஜூரோங்கில். ஜூரோங் நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1961-இல் அங்கே தொழிற்பேட்டை வேலை தொடங்குவதற்கு முன்பு சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களும்தாம் இருந்தன. பால்மரம் நின்ற மண்ணில்தான் இன்று ஆலைகள் நிற்கின்றன. 1971 முதல் 1985 வரை, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு ஒன்றும் அங்கே இருந்தது. நம் தோட்டத்துத் திடலில் பாய் விரித்துப் பார்த்ததற்கும் அதற்கும் வண்டி ஒன்றுதான் வேற்றுமை! 1998-இல் துவாஸ் வழியாக இரண்டாம் பாலம் திறந்த பிறகு, ஜொகூர்த் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஜூரோங்தான் வேலைத் தலம். விடியுமுன் எழுந்து தொழிற்சாலைப் பேருந்தில் போய், இருட்டிய பின் திரும்புவார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டதும் அந்தப் போக்குவரத்து நின்றது. வேலையை விடமுடியாத பிள்ளைகள் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். தாய் தகப்பன் முகத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. அதே ஆண்டு இந்தப் படம் வந்தபோது எங்கள் தோட்டத்திலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, பிள்ளைகளைப் பார்க்கப் போனோம். அவர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று அரங்கில் இருந்த கூட்டம் வெறும் சினிமாக் கூட்டம் அன்று. பாதிப் பேர் பலநாள் கழித்து ஒன்றுசேர்ந்த குடும்பத்தார்.

எங்களுக்கு முன் வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர். பக்கத்தில் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவிகள். படத்தின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை ஒரு கண்ணாலும் நடிகர்களை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களோடு வந்த பாட்டி ஒருவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதை முழுவதும் தெரியும். அந்தக் காலத்தில் லயத்து வாசலில் யாரோ ஒருவர் வாரா வாரம் உரக்க வாசிக்க, இவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டவர். அரங்கத்தில் இருந்த எவரையும்விடக் கதையை நன்றாக அறிந்தவர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

படம் தொடங்கியதுமே பாட்டிக்கு மனத்தாங்கல். நாவலில் ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதிலிருந்து கதை தொடங்கும். படமோ இராஷ்டிரகூடருடன் நடக்கும் போரில் தொடங்கியது. “என்னாடி இது, ஏரியைக் காணோம், எடுத்த எடுப்புல சண்டை?” என்று பேத்தியைக் கேட்டார். பேத்தி, “கொஞ்சம் பொறு பாட்டி, வரும்” என்றாள். நாவலில் உள்ளதுபோல் வரவில்லை.

இதற்கு நேர்மாறான குறை முன் வரிசை இளைஞர்களுடையது. இடைவேளையில் ஒருவர் என்னிடம், “அக்கா, யாரு யாருக்கு அண்ணன், யாரு யாருக்குச் சித்தப்பான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார். ‘பாகுபலி’ மாதிரி இருக்கும் என்று நினைத்து வந்ததாகவும், இது பேசிக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் அந்நாளில் பரவலாகக் கேட்ட குரல்கள் இவ்விரண்டும்தாம்: புத்தகம் படித்தவர்களுக்கு, “இது விட்டுப்போயிற்று, அது மாறிப்போயிற்று”, படிக்காதவர்களுக்கு, “ஆள் அடையாளம் தெரியவில்லை.” இரண்டு குறைகளும் நியாயமானவைதாம். இரண்டாயிரம் பக்கத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் இரண்டும் நேரத்தான் செய்யும்.

ஆனாலும் அரங்கம் ஒன்றுபட்ட இடங்கள் இருந்தன. குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் நின்று, சிரித்த முகத்தோடு சொல்லால் குத்திக்கொள்ளும் காட்சியில் எழுந்த விசில், வாள் சண்டைக்கு எழுந்த விசிலுக்குச் சற்றும் குறைந்ததன்று. வாள் இல்லாமலும் ஒரு காட்சி எடுபடும் என்பதற்கு அது சாட்சி. முதற் பாகத்தின் முடிவில் புயலில் கப்பல் மூழ்கி, அருள்மொழிவர்மன் கடலுக்குள் போனபோது பின்னால் ஒரு சிறு குழந்தை அழத் தொடங்கிவிட்டது. நம் பாட்டி திரும்பிப் பார்த்து, “அழாதே கண்ணு, அவன் சாகமாட்டான், தஞ்சாவூர்க் கோயிலை அவன்தானே கட்டணும்” என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது அந்த இளைஞர் கேட்ட தாளை வாய்மொழியாகவே எழுதித் தருகிறேன். நேயர்கள் பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளலாம். இது விளங்கினால்தான் கதையின் உயிர் விளங்கும்.

முதலாம் பராந்தக சோழருக்குப் பிள்ளைகள் பலர். மூத்தவர் இராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்துபோனார். அடுத்தவர் கண்டராதித்தர் அரசரானார். அவர் சிவபக்தர், அவருடைய மனைவிதான் செம்பியன் மாதேவி. கண்டராதித்தர் மறைந்தபோது அவர் மகன் மதுராந்தகன் சின்னஞ்சிறு பிள்ளை. ஆகவே பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போயிற்று. அரிஞ்சயருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழருக்கு வந்தது. சுந்தர சோழருக்கு மூன்று மக்கள்: ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். அருள்மொழிவர்மனைத்தான் கல்கி பொன்னியின் செல்வன் என்கிறார்; அவன்தான் பிற்காலத்து இராஜராஜ சோழன். மூன்று பெயரும் ஒரே ஆளுக்கு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மூன்று பேர் என்றே நினைத்திருந்தார்கள்.

இப்போது கேள்வி: சுந்தர சோழருக்குப் பிறகு பட்டம் யாருக்கு? அவர் மகனுக்கா, அல்லது சிறுபிள்ளையாய் இருந்த காரணத்தால் உரிமையை இழந்து, இப்போது வளர்ந்து நிற்கும் பெரியப்பா மகனுக்கா? நம் வீடுகளிலும் அண்ணன் தம்பி பங்கு வழக்கு இப்படித்தானே தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் மதுராந்தகன் வெறும் வில்லனாகத் தோன்றமாட்டான். பழுவேட்டரையர்கள் அவன் பக்கம் நின்றதும் வெறும் சூழ்ச்சியாகத் தோன்றாது.

இனி, நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முதற் பாகத்தில், இலங்கையில் பௌத்த பிக்குகள் அந்நாட்டு மணிமுடியை அருள்மொழிக்குக் கொடுக்க முன்வருகிறார்கள். அவன் வேண்டாம் என்கிறான். ஏழு மாதம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தையும் நாங்கள் ஜூரோங்கிலேயே பார்த்தோம். அதன் முடிவில் சோழ நாட்டு மணிமுடியே அவன் கைக்கு எட்டுகிறது. அதையும் மதுராந்தகனுக்குச் சூட்டிவிடுகிறான். இரண்டு இடத்திலும் அரங்கில் கைதட்டல் இல்லை. புலிக்கொடி பறந்தபோது கைதட்டினார்கள். குதிரைகள் பாய்ந்தபோது கைதட்டினார்கள். முடியைத் துறந்தபோது சும்மா இருந்தார்கள். வெளியே வரும்போது ஒரு பையன், “கடைசியில சப்புன்னு ஆயிருச்சு” என்றான்.

கல்கியின் ஐந்தாம் பாகத்திற்குப் பெயரே ‘தியாக சிகரம்’. நாவல் முழுவதும் ஏறிப்போவது அந்தச் சிகரத்தை நோக்கித்தான். இது கல்கியின் கற்பனை மட்டுமன்று. இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சிறிய தந்தைக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்று சொல்கின்றன. உண்மையில் அவன் காத்திருந்தான். உத்தம சோழன் என்ற பெயரில் மதுராந்தகன் ஆண்டு முடித்த பிறகு, 985-இல்தான் பட்டத்துக்கு வந்தான். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள்! படமெடுத்தவர்களுக்கும் கூட்டத்தின் மனம் தெரிந்திருக்கிறது. நாவலில் இல்லாத ஒரு பெரும்போரை இரண்டாம் பாகத்தின் முடிவில் சேர்த்திருக்கிறார்கள். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். மணிமேகலை என்ற அருமையான பாத்திரத்தை எடுத்துவிட்டதையும், சேந்தன் அமுதன் யார் என்ற இரகசியத்தை மாற்றிவிட்டதையும்தான் என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சேந்தன் அமுதன், பூமாலை கட்டிப் பிழைக்கும் பிள்ளை. அந்த எளிய பிள்ளைக்கே அரச உரிமை இருக்கிறது என்று காட்டியது நாவலின் பெரிய அழகு. கூலிக்காரர்களின் பிள்ளைகளான நாம் அதை இழந்ததில் வருத்தப்பட நியாயம் உண்டு.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைப் பற்றியும் திரும்பும் வழியெல்லாம் வேனில் வாதம். கல்கி அதை வேண்டுமென்றே மூடுமந்திரமாக விட்டார். படம் தன் போக்கில் ஒரு விடை சொல்கிறது. இரண்டுக்கும் அப்பால் கல்லில் வெட்டிய சான்று ஒன்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைக் குறிக்கிறது. இரவிதாசனுக்குச் சோழ அரசின் பட்டப்பெயரும் இருந்திருக்கிறது. அதாவது உள்ளிருந்த அதிகாரி. ஆக, கல்வெட்டு ஒன்று, நாவல் ஒன்று, படம் ஒன்று. பிள்ளைகள் கேட்கும்போது இந்த மூன்றில் எதிலிருந்து பதில் சொல்கிறோம் என்று நாம் சொல்லிவிட்டே பதில் சொல்லவேண்டும். இராஜராஜன் காலத்தில் ‘இந்து’ என்ற பெயர் இருந்ததா என்று 2022 அக்டோபரில் இயக்குநர் வெற்றிமாறனின் பேச்சை ஒட்டி எழுந்த சச்சரவும் இப்படி மூன்றையும் குழப்பிக்கொண்டதால் நீண்டதுதான். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் என்று அக்காலத்தில் வழங்கிய பெயர்களை அப்படியே சொல்லிக்கொடுத்தால் போதும்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது வேறொன்று.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன மாணவன் ஒருவன். படம் பார்த்த சூட்டில் புத்தக அட்டையெல்லாம் புலிக்கொடி வரைந்தான். அதோடு நின்றிருந்தால் மகிழ்ச்சிதான். கூடப் படிக்கும் மலாய்ப் பையனிடம், “உங்க ஊரையே நாங்க புடிச்சோம், தெரியுமா?” என்றிருக்கிறான். இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறவர்கள். அந்தப் பையன் ஒரு வாரம் இவனோடு பேசவில்லை. தாயார் என்னிடம் வந்து, “டீச்சர், நீங்க சொன்னாத்தான் கேப்பான்” என்றார்.

நான் அவனைத் திட்டவில்லை. கணக்குப் போடச் சொன்னேன். கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பியவன் இராஜராஜன் அல்லன். அவன் மகன் இராஜேந்திரன். ஆண்டு 1025. படத்தின் கதை முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தது. படத்தில் கடாரப் போரே கிடையாது. பார்க்காததைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான்!

பிறகு இன்னொன்று சொன்னேன். கப்பல் மூழ்கிய பின், காய்ச்சலில் கிடந்த அருள்மொழியை யார் காப்பாற்றினார்கள்? நாகப்பட்டினத்துப் பௌத்த பிக்குகள். நாவலில் அந்த இடத்துக்குச் சூடாமணி விகாரம் என்று பெயர். அந்த விகாரம் கதையில் மட்டும் உள்ளதன்று, உண்மையாகவே இருந்தது. கட்டியவர் யார் தெரியுமா? ஸ்ரீவிஜயத்தின் மன்னர், மாறவிஜயோத்துங்கவர்மர். தம் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் எழுப்பினார். செப்பேடு அவரைக் கடாரத்து அரசர் என்றும் சொல்கிறது. அதாவது இந்தத் தீவுகளையும் இந்தக் கரையையும் ஆண்ட மன்னர், கடல் கடந்து சோழ நாட்டில் விகாரம் கட்டினார். இராஜராஜ சோழன் அதற்கு இடம் கொடுத்தது மட்டுமல்லாமல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையும் விட்டுக்கொடுத்தான். லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. விகாரம் எழுந்தது அவன் அரசனான பின்னர்தான். கல்கி அதைக் கதைக்காகச் சில பத்தாண்டுகள் முன்னே கொண்டுபோய்விட்டார். கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

“அப்படின்னா அவங்க ராஜா கட்டின எடத்துலதான் நம்ம ராஜா படுத்துக் கெடந்தாரா?” என்று கேட்டான். கல்கியின் கதைப்படி ஆமாம் என்றேன். கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருப்பதையும், அங்கே சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தியாவிலிருந்து வணிகர்கள் வந்துபோனதையும் சொன்னேன். படையெடுத்து வந்தவர்களைவிட மிளகும் துணியும் கொண்டுவந்தவர்கள் அதிகம். அந்தப் பள்ளத்தாக்கில் பழைய கோயிலின் அடித்தளம் ஒன்று 2013-இல் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது நம்மில் எத்தனை பேர் கவலைப்பட்டோம்? திரையில் புலிக்கொடிக்குத் தட்டிய கைகளைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது.

நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டுக்கு வாளோடு வந்தவர்கள் அல்லர். சம்பளச் சீட்டோடு வந்தவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதை மறைத்துக்கொள்ள அரச வேடம் தேவையும் இல்லை. பழைய அரசர்களின் கதையைப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கட்டும். முழுக் கதையையும் கேட்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். விகாரம் வரைக்கும், விட்டுக்கொடுத்த முடி வரைக்கும்.

படத்தால் விளைந்த நன்மையையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் தேடுகிறவர்கள் பெருகினார்கள். ஜூரோங்கில் வேலை பார்க்கும் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தமிழ்ப் புத்தகம் தொட்டுப் பத்தாண்டு ஆனவள், முதற் பாகம் வாங்கி, பேருந்தில் போகும்போது நாளுக்கு நான்கு பக்கம் படிக்கிறாள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிடுகின்றன. இணையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகள் ஜூரோங் வட்டார நூலகத்தின் தமிழ்ப் பகுதியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

எழுத்து வராத பெரியவர்களும் தயங்க வேண்டாம். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை ஓர் அத்தியாயம் உரக்க வாசிக்கிறோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கிறார்கள். தடுக்கும் இடத்தில் நான் உதவுகிறேன். செம்பனைக் காட்டு வேலை முடிந்து, குளித்துவிட்டு, பெற்றோர்கள் வந்து பின் பெஞ்சியில் உட்காருகிறார்கள். அந்தப் பாட்டியும் வருகிறார். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகள் அவருக்குக் கட்டளை போட்டிருக்கிறார்கள். போன வாரம் வந்தியத்தேவன் கோடிக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறான். இந்த வெள்ளிக்கிழமை பூங்குழலி அவனைப் படகில் ஏற்றிக்கொள்வாளா, மாட்டாளா என்று தெரியவரும்.